மூட்டை தூக்கினவரின் பேர்

ஒரு ஜி.கே. கேள்வி. எவரெஸ்ட் சிகரத்தில் முதலில் ஏறியது யார்? அஞ்சாங் கிளாஸ்லேர்ந்து நமக்குத் தெரிஞ்ச பதில்தான்: எட்மண்ட் ஹிலாரி, டென்சிங் நார்கே, 1953. ஒரே மூச்சில் சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். ஒரு நிமிஷம் இங்கேயே நில்லுங்க. ஹிலாரி நியூசிலாந்தில் தேனீ வளர்த்தவர். மலை ஏறுறது அவருக்கு ஆசை. டென்சிங் அந்த மலைக்கு முதன்முதலில் போனது கூலிக்கு மூட்டை தூக்க. மூட்டை தூக்கப் போனவர் பேர் எப்படி ஜி.கே. புத்தகத்துக்குள்ள வந்தது? அதுதான் இந்தக் கதை.

நான் மல்லாங்கிணறு. எங்க பக்கம் கரிசல் காடு, கண்ணுக்கு எட்டின வரைக்கும் தட்டை. விருதுநகரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம்தான். எவரெஸ்ட் 8,848 மீட்டர். இவ்வளவு தள்ளி உக்காந்துக்கிட்டு இமயமலை பத்தி எழுத உனக்கென்ன தகுதின்னு நீங்க கேக்கலாம். ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, 2023 மே மாசம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முத்தமிழ்ச்செல்வி நம்ம விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவங்க. இன்னொண்ணைப் பின்னாடி சொல்றேன்.

சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு மட்டும் ஒரு தகவல். எவரெஸ்ட்டை அளந்த கதைக்குத் தொடக்கப்புள்ளி நம்ம சென்னை. 1802-இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் போட்ட அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி கிளம்பியது. ஐம்பது வருஷம் கழிச்சு ராதாநாத் சிக்தார் கணக்குப் போட்டு, பதினஞ்சாம் எண் சிகரம்தான் உலகத்திலேயே உயரம்னு கண்டுபிடிச்சார். ஆனா பேர் வச்சது, அதுக்கு முன்னாடி சர்வேயர் ஜெனரலா இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டுக்கு. வேலை ஒருத்தர், பேர் இன்னொருத்தர். ஞாபகம் வச்சுக்கோங்க, இது திரும்பத் திரும்ப வரும்.

டென்சிங் பிறந்தது 1914-இல். வீட்டில் மொத்தம் பதிமூணு குழந்தைகள், இவர் பதினொண்ணாவது. பெத்தவங்க முதலில் வச்ச பேர் நாம்கியால் வாங்டி. அப்புறம் ஒரு பெரிய லாமா சொல்லி டென்சிங் நார்கேன்னு மாத்தினாங்க. அப்பா யாக் மேய்ப்பவர். எவரெஸ்ட்டுக்குத் தெற்கே கும்பு பகுதியில் தாமேன்னு ஒரு கிராமம், அங்கேதான் வளர்ந்தார். அவங்க இனத்துக்குப் பேர் ஷெர்பா. கிழக்கிலிருந்து வந்தவர்கள்னு அர்த்தம். இப்ப நாம மலையில் மூட்டை தூக்குறவங்க எல்லாரையும் ஷெர்பான்னு சொல்றோமே, அது உண்மையில் ஒரு இனத்தோட பேர், வேலையோட பேர் கிடையாது.

வீட்டில் இவரை லாமா ஆக்கிடலாம்னு மடத்துக்கு அனுப்பினாங்க. அங்கே அடி விழுந்தது, ஓடி வந்துட்டார். யாக் மேய்க்கப் போற இடத்திலிருந்து பார்த்தா சோமோலுங்மா தெரியும். எவரெஸ்ட்டை அவங்க கூப்பிடுற பேர் அதுதான். எந்தப் பறவையும் தாண்டிப் பறக்க முடியாத மலைன்னு அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாங்க. அந்த மலை மேல வெள்ளைக்காரங்க ஏறப் பாக்குறாங்க, அதுக்கு டார்ஜிலிங்கில் ஆள் எடுக்குறாங்கன்னு சேதி வந்தது. 1932 வாக்கில், பதினெட்டு வயசில், வீட்டை விட்டு டார்ஜிலிங்குக்குப் போயிட்டார்.

இந்த இடத்தில் நம்ம எல்லாருக்கும் அவர் சொந்தக்காரர் ஆயிடுவார். 1933-இல் எவரெஸ்ட்டுக்கு ஒரு பிரிட்டிஷ் குழு கிளம்பியது. போய் வரிசையில் நின்னார். டார்ஜிலிங் வந்ததும் நீள முடியை வெட்டி, நேபாளி மாதிரி உடை போட்டிருந்தார். அதைப் பார்த்து ஷெர்பாவே இல்லைன்னு நினைச்சுக் கழிச்சுட்டாங்க. 1935-இல் அடுத்த குழு. இந்தத் தடவை சர்டிபிகேட் கேட்டாங்க. முன்னாடி ஏதாவது குழுவோட போயிருந்தாத்தானே சர்டிபிகேட் இருக்கும்? ஃப்ரெஷர் வேணும், ஆனா ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் வேணும்னு நமக்குச் சொல்றாங்களே, அதே கதைதான். கடைசி நேரத்தில் இன்னும் ரெண்டு பேர் தேவைப்பட்டது. தலைவர் எரிக் ஷிப்டன் வரிசையில் நின்னவங்களைப் பார்த்தார். சர்டிபிகேட் எதுவும் இல்லாத ஒரு பையன் சிரிச்ச முகமா நின்னுக்கிட்டிருந்தான். எடுத்துக்கிட்டார். டென்சிங்குக்கு அப்போ இருபது, கல்யாணமும் ஆகியிருந்தது. கிட்டத்தட்ட நம்ம வயசு.

வேலை என்னன்னா, துரைமார்களோட கூடாரம், சாப்பாடு, கயிறு, அடுப்பு எல்லாத்தையும் முதுகில் சுமந்து ஒவ்வொரு முகாமா மேல கொண்டு போறது. ஒரு முகாமுக்கு ஒரு நடை போனாப் போதாது, ஏறி இறங்கி ஏறணும். 1936-லயும் போனார். 1938-இல் 8,290 மீட்டர் உயரத்தில் இருந்த ஆறாவது முகாம் வரைக்கும் மூட்டையோட ஏறினார். அதுக்காக இமாலயன் கிளப் அவருக்குப் புலிப் பதக்கம் கொடுத்தது. உயரத்தில் அசாத்தியமா உழைச்ச ஷெர்பாக்களுக்குக் கொடுக்கிற பதக்கம் அது.

அந்த மூணு பயணத்திலும் அவர் ஒரு விஷயத்தில் மத்தவங்களிடமிருந்து வித்தியாசமா இருந்தார். நிறைய பேருக்கு அது கூலி வேலை. முகாமில் மூட்டையை இறக்கி வச்சா முடிஞ்சது. இவருக்கு மூட்டையை இறக்கின பிறகும் மேல போகணும்னு இருந்தது. ஆனா மேல போறவங்க பட்டியலில் கூலிக்காரங்க பேர் இருக்காது.

நடுவில் உலகப் போர் வந்து எல்லாம் நின்னு போச்சு. இப்போ பாகிஸ்தானில் இருக்கிற சித்ராலில் ஒரு ராணுவ அதிகாரியிடம் வேலைக்குப் போனார். முதல் பையன் நாலு வயசிலேயே இறந்திருந்தான். 1944-இல் மனைவி தாவா புட்டியும் சித்ராலில் இறந்துட்டாங்க. கையில் பெம்பெம், நிமான்னு ரெண்டு சின்னப் பொண்ணுங்க. குதிரை மேல அவங்களை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில் கிளம்பி, டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். அங்கே ஆங் லாமுவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். பிழைப்பு கஷ்டம்தான்.

1947-இல் ஏர்ல் டென்மன்னு ஒருத்தர் அனுமதியே இல்லாம, போதுமான பணமும் சாமானும் இல்லாம எவரெஸ்ட் ஏறப் போறேன்னு வந்தார். நடக்கிற காரியம் இல்லைன்னு டென்சிங்குக்கு நல்லாவே தெரியும். இருந்தாலும் எவரெஸ்ட்டுன்னு சொன்ன பிறகு அவரால மறுக்க முடியலை. 6,700 மீட்டர் பக்கம் புயல் அடிச்சு மூணு பேரும் திரும்பி வந்தாங்க. அதே வருஷம் ஒரு சுவிஸ் குழுவோட கார்வால் போனப்போ, ஷெர்பா தலைவர் விழுந்து அடிபட்டதால் அந்தப் பொறுப்பு டென்சிங்கிடம் வந்தது. சர்தார்னு சொல்வாங்க. நம்ம பாஷையில் கொத்தனாரும் மேஸ்திரியும் சேர்ந்த மாதிரி: தானும் தூக்கணும், மத்தவங்க கூலி, சாப்பாடு, சண்டை எல்லாத்தையும் பாக்கணும்.

1952-இல் சுவிஸ் குழு நேபாளம் வழியா எவரெஸ்ட் போனது. அவங்க டென்சிங்கை சர்தாரா மட்டும் வச்சுக்காம, ஏறுற உறுப்பினராவும் சேர்த்துக்கிட்டாங்க. பதினேழு வருஷம் கழிச்சு முதல் தடவையா மேல போறவங்க பட்டியலில் அவர் பேர் வந்தது. கூட ஏறினவர் ரேமோன் லாம்பேர். பழைய பனிக்கடியில் கால் விரல்களை இழந்தவர். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷை கிடையாது. தூங்குற பை இல்லாம, ஒரு சின்னக் கூடாரத்தில், மெழுகுவத்தியில் பனியை உருக்கிக் குடிச்சு, உறைஞ்சு போகாம இருக்க ஒருத்தரை ஒருத்தர் தட்டிக்கிட்டே ராத்திரியைக் கழிச்சாங்க. மறுநாள் 8,600 மீட்டர் கிட்ட போயிட்டாங்க. அது வரைக்கும் எவரெஸ்ட்டில் யாரும் தொட்டதா உறுதியாத் தெரியாத உயரம். நடக்கும்போது ஆக்சிஜன் கருவி சரியா வேலை செய்யலை. இன்னும் சுமார் 250 மீட்டர்தான் பாக்கி. திரும்பிட்டாங்க. மேல போயிருந்தா உயிரோட இறங்கியிருக்க முடியாது. இலையுதிர் காலத்தில் மறுபடி போனாங்க, குளிரும் காத்தும் விரட்டிடுச்சு. டென்சிங்குக்கு மலேரியா வந்து, பாட்னாவில் ஆஸ்பத்திரியில் படுத்தார்.

அந்த உடம்போட இருக்கும்போதுதான் 1953 பிரிட்டிஷ் குழுவிடமிருந்து அழைப்பு வந்தது. தலைவர் ஜான் ஹன்ட். வேலை: சர்தார், கூடவே ஏறுற உறுப்பினர். ஆங் லாமுவுக்குப் பயம். வயசு முப்பத்தொன்பதைத் தொடப் போகுது, இது ஏழாவது தடவை. அவர் போகாம இருந்திருப்பார்னு நினைக்கிறீங்களா?

காத்மாண்டுவில் ஆரம்பமே சரியில்லை. பிரிட்டிஷ் தூதரகத்தில் டென்சிங்குக்குப் படுக்கை கிடைச்சது. மத்த ஷெர்பாக்களுக்கு, முன்னாடி குதிரை லாயமா இருந்த ஒரு கராஜில் தரையில் இடம். கழிப்பறை கூடக் கிடையாது. மறுநாள் காலையில் ஷெர்பாக்கள் கராஜ் வாசலில் வரிசையா நின்னு ஒண்ணுக்குப் போய் எதிர்ப்பைக் காட்டினாங்க. நடுவில் மாட்டிக்கிட்டவர் டென்சிங். ரெண்டு பக்கமும் அவர்தான் பதில் சொல்லணும்.

இனிமே வர்ற பகுதியை ஒரு ப்ராஜெக்ட் மாதிரி பாருங்க. 350-க்கும் மேல சுமைகூலிகள் சுமார் 4,500 கிலோ சாமானை அடிவாரம் வரை சுமந்தாங்க. அதுக்கு மேல சுமார் 20 ஷெர்பாக்கள். எவரெஸ்ட் உச்சியில் காத்தழுத்தம் கடல் மட்டத்தில் இருக்கிறதில் மூணில் ஒரு பங்குதான். அங்கே தண்ணீர் 70 டிகிரி பக்கமே கொதிச்சுடும். அதனால் ஆக்சிஜன், எரிபொருள், கூடாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மேல மேல நகரணும். கடைசி ரெண்டு பேர் ஏறுறதுக்கு முழுப் பிரமிடும் கீழ நிக்கணும்.

தெற்குக் கணவாய்க்கு, அதாவது கிட்டத்தட்ட 7,900 மீட்டருக்கு, மூட்டைகள் போகணும். கீழ் முகாமில் ஷெர்பாக்கள் களைச்சு நின்னுட்டாங்க. ஹன்ட் உடனே டென்சிங்கையும் ஹிலாரியையும் அனுப்பினார். டென்சிங் போய்ப் பேசி, டீ கொடுத்து, தானும் முன்னாடி நடந்து, மூட்டைகளைக் கணவாய்க்குக் கொண்டு சேர்த்தார். உச்சி ஏறப் போறவர் சக்தியைச் சேமிச்சு வைக்கணும்னு நாம சொல்லுவோம். சர்தாருக்கு அந்த வசதி இல்லை.

மே 26. முதல் முயற்சிக்குப் போனது டென்சிங் இல்லை. போர்டில்லனும் எவன்ஸும். போர்டில்லன் தன் அப்பாவோட சேர்ந்து உருவாக்கின மூடிய சுற்று ஆக்சிஜன் கருவியோட போனாங்க. தெற்கு உச்சியைத் தொட்டாங்க. அங்கிருந்து சிகரம் சுமார் 100 மீட்டர். கருவியில் கோளாறு, நேரமும் போச்சு, திரும்பிட்டாங்க. அவங்க ஜெயிச்சிருந்தா ஜி.கே. பதிலே வேற. அதே நாள் ஜான் ஹன்ட்டும் தா நாம்கியால்னு ஒரு ஷெர்பாவும் 8,300 மீட்டருக்கு மேல மூட்டை கொண்டு போய் வச்சுட்டு, நடக்கவே முடியாத நிலையில் இறங்கினாங்க.

மே 28. ஜார்ஜ் லோ, கிரெகரி, ஆங் நிமா மூணு பேரும் மூட்டையோட கூட வந்தாங்க. தா நாம்கியால் வச்சுட்டுப் போன சாமானையும் எடுத்துக்கிட்டு 8,500 மீட்டர் பக்கம் ஏறினாங்க. அங்கே சாய்வான ஒரு திட்டில் கூடாரம் போட்டு ஹிலாரியையும் டென்சிங்கையும் விட்டுட்டு மூணு பேரும் இறங்கிட்டாங்க. ராத்திரி குளிர் மைனஸ் 27. ஹிலாரி பூட்ஸைக் கழட்டி வச்சிருந்தார், காலையில் கல்லா உறைஞ்சிருந்தது. ரெண்டு மணி நேரம் அடுப்பில் காட்டி இளக்கினார். டென்சிங் பூட்ஸோடயே படுத்திருந்தார். கழுத்தில் லாம்பேர் கொடுத்த சிவப்பு ஸ்கார்ஃப்.

மே 29 காலை ஆறரைக்குக் கிளம்பினாங்க. பகல் பதினொன்றரைக்கு அதுக்கு மேல ஏற எதுவும் இல்லை. பதினஞ்சு நிமிஷம் இருந்தாங்க. டென்சிங் பனியில் கொஞ்சம் மிட்டாயும், மகள் நிமா கொடுத்து விட்ட ஒரு சிவப்பு-நீலப் பென்சில் துண்டும் புதைச்சார். பனிக்கோடாரியில் நாலு கொடி: ஐ.நா., பிரிட்டன், நேபாளம், இந்தியா. இந்தியக் கொடியைக் கொடுத்து விட்டவர் டார்ஜிலிங் நண்பர் ரவீந்திரநாத் மித்ரா. ஹிலாரி எடுத்த அந்தப் போட்டோவை நீங்க பார்த்திருப்பீங்க. ஹிலாரி உச்சியில் நிக்கிற போட்டோ கிடையாது.

கீழ வந்ததும் உலகம் ஒரே கேள்வியைக் கேட்டது: யார் கால் முதலில் பட்டது? காத்மாண்டுவில் டென்சிங் உச்சியில் நின்னு ஹிலாரியைக் கயிறு போட்டு இழுக்கிற மாதிரி போஸ்டர் ஒட்டினாங்க. நேபாளி, இந்தியன்னு ரெண்டு பக்கமும் அவரை இழுத்தாங்க. வெள்ளைக்காரர் முதலா, நம்மாளு முதலான்னு ஊரே பிரிஞ்சு நின்னது. கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் போய்ச் சேர்ந்தோம்னு ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. ஹிலாரிக்கும் ஹன்ட்டுக்கும் பிரிட்டன் சர் பட்டம் கொடுத்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். இந்தியா 1959-இல் பத்மபூஷண் கொடுத்தது.

எழுதப் படிக்கத் தெரியாத டென்சிங் சொல்லச் சொல்ல, ஜேம்ஸ் ராம்சே உல்மன் எழுதின சுயசரிதை 1955-இல் வந்தது. அதில் அந்தக் கேள்விக்கு நேரா பதில் சொல்லிட்டார்: ஹிலாரி முதலில் கால் வச்சார், தான் பின்னாடியே. ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரே கயிறு, இடைவெளி ஆறடி. பொய் சொல்லியிருந்தா கோடிக்கணக்கான பேர் சந்தோஷப்பட்டிருப்பாங்க. உண்மையைச் சொன்னதால் தன் பெருமை குறையும்னா குறையட்டும்னு விட்டுட்டார். முதல் அடிங்கிறது அவருக்குப் பெரிய விஷயமா இருக்கலை. அந்தக் கயிற்றில் கூலியாளா இல்லாம சரிசமமான ஆளா இருந்ததுதான் பெரிய விஷயம்.

அப்புறம் என்ன பண்ணார்? 1954-இல் நேரு ஆதரவோட டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் ஆரம்பிச்சாங்க. களப்பயிற்சி இயக்குநர் டென்சிங். இருபது வருஷத்துக்கும் மேல புதுப் பசங்களுக்குக் கயிறு கட்டவும், பனிக்கோடாரி பிடிக்கவும், எங்கே திரும்பி வரணும்னு தெரிஞ்சுக்கவும் கத்துக்கொடுத்தார். சர்டிபிகேட் இல்லைன்னு ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டவர் கையால பயிற்சி வாங்கி, எத்தனையோ பேர் சர்டிபிகேட்டோட வெளிய வந்தாங்க. 1986 மே 9 அன்னிக்கு டார்ஜிலிங்கில் இறந்தார். பத்து வருஷம் கழிச்சு மகன் ஜம்லிங் எவரெஸ்ட் ஏறினார். புளூட்டோவில் இருக்கிற ஒரு மலைத்தொடருக்கும் டென்சிங் பேர் வச்சிருக்காங்க.

இப்போ, பின்னாடி சொல்றேன்னு சொன்ன ரெண்டாவது காரணம். இன்னைக்குப் பணம் கட்டினா எவரெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போற குழுக்கள் இருக்கு. நேபாள அரசோட அனுமதிக் கட்டணமே 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர். நீங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே கும்பு பனியருவியில் ஏணி போட்டு, கயிறு கட்டி வச்சிருப்பாங்க. கட்டினவங்க பெரும்பாலும் ஷெர்பாக்கள். 2014 ஏப்ரல் 18 அன்னிக்கு அங்கே பனிச்சரிவு விழுந்து 16 பேர் செத்தாங்க. எல்லாருமே மலையில் வேலை பார்த்தவங்க. உடனடியா அரசு அறிவிச்ச நிவாரணம் குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் கொதிச்சு, அந்த சீசனே அந்தப் பக்கம் கிட்டத்தட்ட நின்னு போச்சு.

இதைப் படிக்கும்போது எங்க மாவட்டத்து ஆளுக்கு வேற ஊர் கதை மாதிரி இருக்காது. சிவகாசி பட்டாசு டப்பாவில் கம்பெனி பேர் இருக்கும், கலர் படம் இருக்கும். சரம் பின்னின கை, திரி வச்ச கை, மருந்து அடைச்ச கை யாருதுன்னு இருக்காது. வானத்தில் வெடிக்கும்போது எல்லாரும் மேல பார்ப்போம். விபத்துன்னா பேப்பரில் எண்ணிக்கை வரும், நிவாரணத் தொகை வரும். பேரை யாரும் மனசில் வச்சுக்க மாட்டோம். டென்சிங் அந்தப் பேரில்லாத கூட்டத்திலிருந்து ஒரு பேரா மேல வந்தவர். அதுக்கு அவருக்கு ஏழு தடவையும் பதினெட்டு வருஷமும் ஆச்சு.

உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பேட்ச்சையே யோசிச்சுப் பாருங்க. ராத்திரி முழுக்க சால்டரிங் பண்ணினவன் ஒருத்தன் இருப்பான், ரிவ்யூவில் பேசுறவன் வேற ஒருத்தனா இருப்பான். ரிப்போர்ட்டில் ரெண்டு பேர் பேரும் ஒழுங்கா இருக்கான்னு பார்த்துக்கோங்க.

அடுத்த தடவை யாராவது அந்த ஜி.கே. கேள்வியைக் கேட்டா, பழைய பதிலையே சொல்லுங்க, தப்பில்லை. மார்க் அதுக்குத்தான். ஆனா சொல்லி முடிச்சதும், 8,300 மீட்டருக்கு மேல மூட்டையை வச்சுட்டு இறங்கின தா நாம்கியால், 8,500 வரைக்கும் தூக்கிட்டு வந்து கூடாரத்தில் ரெண்டு பேரை விட்டுட்டுத் திரும்பின ஆங் நிமா, இந்த ரெண்டு பேரையும் சேர்த்துச் சொல்லிடுங்க.